கருத்துக்கணிப்பு பிறந்த கதை

1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ வார இதழ் ஒரு கோடி மாதிரி வாக்குச்சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன்தான் வெல்வார் என்று இதழ் எழுதியது. அதிபர் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். முகவரிகளை எடுத்தது டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் வைத்திருந்தோர் பட்டியலிலிருந்தும். பொருளாதாரம் நொடிந்து கிடந்த அந்தக் காலத்தில் ஏழையின் பெயர் அதில் எப்படி இருக்கும்? அதே தேர்தலுக்குக் கணிப்பு எடுத்த ஜார்ஜ் காலப் கேட்டது மிகச் சிலரைத்தான். ஆனால் எல்லாத் தரப்பிலும் ஆள் பார்த்துக் கேட்டார். ரூஸ்வெல்ட் என்றார். தொழில் பிறந்துவிட்டது.

இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் எரிக் டா காஸ்டா. 1950களில் டெல்லியில் பொதுஜன அபிப்பிராயத்துக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். 1980களில் பிரணாய் ராயும் அசோக் லாஹிரியும் வாக்குச் சதவீதத்தை இடங்களாக மாற்றும் கணக்கைப் பிரபலமாக்கினார்கள். சிக்கல் தொடங்குவது இங்கேதான். மக்களைக் கேட்டுப் பெறுவது சதவீதம்; இடம் என்பது அனுமானம்.

2016 தமிழகச் சட்டமன்றத் தேர்தலைப் பாருங்கள். அதிமுகவுக்கும் திமுக கூட்டணிக்கும் இடையே வாக்கு வித்தியாசம் ஏறத்தாழ ஒரு சதவீதம். இடங்களோ 134-க்கு 98. வாக்குப்பதிவு முடிந்த பிறகு எடுத்த கணிப்புகளிலேயே பல, திமுகவுக்கு ஆட்சி என்றன.

அதே தேர்தலில் குமரி மாவட்டத்தின் ஆறு தொகுதிகளிலும் அதிமுக தோற்றது. அவற்றில் அருமனை என்ற ஊர் இருக்கும் விளவங்கோடு தொகுதியின் கணக்கு இன்னும் தனி. 1977 முதல் 2024 இடைத்தேர்தல் வரை காங்கிரசும் மார்க்சிஸ்ட் கட்சியும் தவிர வேறு யாரும் இங்கே வென்றதில்லை. 2016, 2021 இரண்டிலும் இரண்டாம் இடம் பாஜகவுக்கு. ரப்பர் விலை, தேவாலயம், சமுதாயம், கேரள எல்லைக்கு அந்தப்பக்கத்து அரசியல் எல்லாம் கலந்து வாக்கு விழும் ஊர் இது. சென்னையில் உட்கார்ந்து ‘திமுக இத்தனை, அதிமுக இத்தனை’ என்று மாநிலம் முழுக்க ஒரே அலையைப் பரப்பினால் அருமனை அதில் எங்கே நிற்கும்?

ஆனாலும் பிரச்சாரத்தில் கணிப்புக்குக் கனம் உண்டு. வாக்காளரை அது பெரிதாக அசைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அசைவது கட்சிக்காரர்கள். கூட்டணிப் பேச்சில் எத்தனை தொகுதி கேட்பது, நன்கொடை எந்தப் பக்கம் போவது, பூத் கமிட்டிக்காரர் வெயிலில் இன்னொரு தெரு ஏறுவாரா மாட்டாரா என்பதெல்லாம் அந்த எண்ணைப் பார்த்து மாறும். தோற்பார் என்று முத்திரை விழுந்த வேட்பாளருக்குச் செலவுக்குப் பணம் வராது. பிறகு அவர் தோற்பார்.

2009-இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 126ஏ பிரிவு சேர்ந்தது. வாக்குப்பதிவு தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை, வாக்களித்தவரிடம் எடுத்த கணிப்பை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. அந்தப் பிரிவு காப்பது நேரத்தை மட்டும். எந்தத் தொகுதியில் எத்தனை பேரை, யார் செலவில், என்ன கேள்வி கேட்டார்கள் என்பதையும் எண்ணோடு சேர்த்தே அச்சிட வேண்டும் என்று அடுத்த திருத்தம் வர வேண்டும்.