எமது தாய்மாரின் தையற்பெட்டி

எமது கல்லூரியின் முதல் அதிபர் ஒரு நாடக நடிகை என்பது பழைய மாணவிகளில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1912இல் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்து, சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் நிறுவிய பெண்கள் கல்லூரியின் பொறுப்பை ஏற்ற ஃபுளோரன்ஸ் ஃபார், பேர்னாட் ஷோவின் நாடகத்தில் நடித்தவர். கவிஞர் யேட்ஸின் நெருங்கிய தோழி. அவர் ஊசியும் நூலும் முறையாகப் பயின்றவர் என்பதை நாம் அவ்வளவாகப் பேசியதில்லை. இலண்டனில் மே மொறிஸ் என்னும் அம்மையாரிடம் அவர் பூத்தையல் கற்றார். ஓவியரும் கவிஞருமான வில்லியம் மொறிஸின் மகளான மே, தந்தையின் நிறுவனத்தில் பூத்தையற் பிரிவை 1885 முதல் நடத்தியவர். ஊசிவேலை பொழுதுபோக்கல்ல, அது ஒரு கலை என்று ஆயுள் முழுவதும் வாதாடியவர்.

ஃபுளோரன்ஸின் தந்தை யார் என்பது எனக்கு இன்னும் பெரிய வியப்பு. யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் சமுதாய மருத்துவம் படித்தபோது வில்லியம் ஃபார் என்ற பெயரை மனனம் செய்தோம். மரணங்களையும் அவற்றின் காரணங்களையும் எண்ணி வகைப்படுத்தி, மருத்துவப் புள்ளிவிபரவியலுக்கு அடித்தளம் இட்டவர் அவர். அந்த மனிதரின் மகள்தான் நான் படித்த பள்ளிக்கூடத்தின் முதல் அதிபர் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன். மகளுக்கு ஃபுளோரன்ஸ் என்று பெயர் வந்ததும், தகப்பனாருடன் சேர்ந்து பணியாற்றிய ஃபுளோரன்ஸ் நைற்றிங்கேலின் நினைவாகத்தான்.

இந்த வில்லியம் ஃபார் இங்கிலாந்தின் 1851ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ஒரு காரியம் செய்தார். தொழில்களை வகுத்தபோது மனைவிமாரையும் தாய்மாரையும் தொழில் இல்லாதவர்கள் என்று ஒதுக்காமல், அவர்களுக்கென ஒரு தொழில் வகுப்பையே வைத்தார். ஒரு நாட்டின் ஆகப் பெரிய உற்பத்தி அதன் மக்கள்தான் என்பது அவருடைய நியாயம். அவர் ஓய்வுபெற்ற பின் வந்த 1881 மதிப்பீட்டில் அதே பெண்கள் ‘தொழிலற்றோர்’ ஆனார்கள். வீட்டில் அவர்கள் செய்த வேலை ஒரு மணித்தியாலமும் குறையவில்லை, கட்டம்தான் மாறியது.

பள்ளிப் படிவங்களில் ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் என் அம்மா ஒரு சிறு கோடு இழுத்துவிடுவார். உங்களில் பலரின் அம்மாமாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். எந்தக் கல்லூரியின் நூற்றாண்டு மலரை எடுத்தாலும் வைத்தியர்கள், ஆசிரியைகள், சட்டத்தரணிகள், சங்கீத வித்துவான்கள் என்று பட்டியல் நீளும். அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருந்தவர்கள் தொகையில் அதிகம். அவர்கள் வீட்டுக் கொண்டாட்டங்களுக்காகத் தைத்துக் கொடுத்தவை பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். சமையலைப் பற்றி எழுதினால் இந்த மலர் போதாது.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எமது சடங்குகளில் பரிசு என்பது ஆதியில் தைத்த துணியல்ல. கோடி என்றால் புதுத் துணி, வெட்டாத துணி. தாய்மாமன் கொண்டு வருவதும் அதுதான், கலியாணக் கூறையும் அதுதான். தைத்த சட்டையைப் பரிசாகக் கொடுக்கும் வழக்கம் பள்ளிக்கூடத்தோடு வந்தது. எமக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள உடுவிலில் 1824இல் அமெரிக்க மிசனரிமார் பெண்களுக்கென விடுதிப் பள்ளி தொடங்கியபோது எழுத்தோடு ஊசியும் பாடமாயிற்று. சிங்கர் கம்பனி 1877இல் இலங்கைக்கு வந்தது. மெல்ல மெல்ல மெசின் வீடுகளுக்குள் புகுந்தது. 1913இல் எமது கல்லூரி தொடங்கும்போது, சைவப் பெண் பிள்ளைகள் தம் சமயத்தையும் தமிழையும் விடாமல், ஆங்கிலமும் அறிந்து, நல்ல குடும்பத் தலைவிகளாக வர வேண்டும் என்பது இராமநாதனின் எண்ணம். அந்தப் பணியைத் தொடங்கி வைத்தவரோ இல்லற வாழ்க்கை சரிவராமல், கணவரைப் பிரிந்து வாழ்ந்த மேடை நடிகை. இந்த முரண் எனக்குப் பிடித்திருக்கிறது.

என் அம்மா ஐம்பதுகளில் இங்கே படித்தவர். எஸ்.எஸ்.சி. சித்தியெய்தினார், மேலே படிக்க விருப்பம் இருந்தது, கலியாணம் பேசி முடித்துவிட்டார்கள். தையல் அவருக்குச் சந்தோசமாக இருந்தது என்று சொல்வதோடு இதையும் சொல்ல வேண்டும். அவருடைய வகுப்புத் தோழி ஒருவர், “எனக்குக் கணக்கு ஓடும், ஊசி ஓடாது, ஆனால் ஊசியைத்தான் தந்தார்கள்” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

அம்மாவுக்கு ஊசி ஓடியது. காலால் மிதிக்கும் சிங்கர் மெசின் ஒன்று யன்னலோரம் நின்றது. பக்கத்தில் பிஸ்கற் ரின் ஒன்றில் நூற்கட்டைகள், பாபின்கள், பழைய சட்டைகளிலிருந்து கழற்றிய பொத்தான்கள். ஊரில் ஒரு பிள்ளை பிறந்தால் அவருக்கு முப்பது நாள் தவணை. துடக்குக் கழியும் 31ஆம் நாள் வரை பிள்ளைக்கு ஆச்சியின் பழைய நூற்சீலைத் துண்டும் தோய்த்துத் தோய்த்து மெதுமையான வேட்டித் துண்டும்தான். இது வறுமையால் அல்ல. புதுத்துணியின் கஞ்சியும் சாயமும் பிஞ்சுத் தோலுக்கு ஆகாது என்று எங்கள் ஆச்சிமாருக்குத் தெரிந்திருந்தது. நான் இன்று தாய்மாருக்குச் சொல்வதும் ஏறக்குறைய அதுதான். 31ஆம் நாளுக்கு அம்மா வெள்ளை மல் துணியில் சட்டை தைப்பார். முன்பக்கம் பொத்தான் வைக்கமாட்டார், பிள்ளை வாயில் போட்டுவிடும். முதுகுப்பக்கம் துணி நாடா. தையல்வாய் உள்ளே உரஞ்சாமல் மடித்து மூடியிருக்கும். கழுத்தோரம் சங்கிலித் தையலில் சின்னப் பூ மூன்று. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

பல்லுக்கொழுக்கட்டைக்குத்தான் அவருடைய கைவேலை முழுவதும் வெளிப்படும். முதற்பல் கண்ட பிள்ளையை வெள்ளைத் துணியில் இருத்தி, தலையில் கொழுக்கட்டை சொரியும் நாளுக்கு, நெஞ்சுப் பக்கம் தேன்கூடு போல ஸ்மொக்கிங் செய்த சட்டை. ஒன்று முடிய நாலைந்து இரவு செல்லும். பெட்டைக்கு ஒரு நிறம், பொடியனுக்கு ஒரு நிறம் என்று அவர் பார்த்ததில்லை. கையில் எந்த நூல் இருந்ததோ அது. விஜயதசமிக்கு ஏடு தொடக்கும் பிள்ளைக்கு ஏடும் சிலேற்றும் வைக்கத் துணிப்பை. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எங்கள் மூவருக்கும் ஒரே துணியில் சட்டை, மிச்சத்தில் தலையணை உறை. சாமத்தியச் சடங்குக்குப் பாவாடையும் சட்டையும். கலியாணத்துக்கு ஒரு சோடித் தலையணை உறை, மூலையில் காம்புத் தையலில் கொடி. மாப்பிள்ளை பெண்ணின் முதலெழுத்துகளைச் சேர்த்துத் தைக்கும் பாணியை மட்டும் அவர் ஏற்கவில்லை. “அது கடைப் பலகை மாதிரி” என்பார்.

எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது மாப்பைத் துணியை ஊறவைத்து எழுத்துப் போக வெளுத்து உள்சட்டை தைத்தார்கள். எழுத்து முற்றாகப் போகாத உள்சட்டை எனக்கும் ஒன்று இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்ததும் கடைகளில் தைத்த சட்டைகள் குவிந்தன. பெரியம்மா மெசினை மூடிவிட்டார். அம்மா மூடவில்லை.

பிறகு 1990. மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் ஒரு போத்தலுக்கு அலைந்த காலம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். அதே விளக்கின் மறுபக்கம் ஊசியில் நூல் கோத்தவர்களையும் எழுத வேண்டும். மெசின் ஊசி முறிந்தால் மாற்ற ஊசி இல்லை. முறிந்ததைத் தீட்டிப் பார்த்தார்கள், சரிவராவிட்டால் கையால் தைத்தார்கள். அந்த ஆண்டுகளில்தான் எங்கள் ஊரில் கொண்டாட்டங்கள் குறையும் என்று நினைத்தேன். பந்தலும் படம் பிடிப்பும் குறைந்தன, சட்டை குறையவில்லை. அம்மா தன் கலியாணச் சீலைகளை ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கியது அப்போதுதான்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்ததை உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. றங்குப்பெட்டி நிறைய இருந்த தையல்களை அம்மா விட்டுவிட்டு வந்தார். மெசினின் தலையை மட்டும் மேசையிலிருந்து கழற்றிப் படுக்கை விரிப்பில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அரிசி மூட்டையை முன் பாருக்கு மாற்றினார். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஐந்து குடும்பங்கள் இருந்தோம். அங்கே ஒரு பிள்ளை பெரியபிள்ளையானாள். அவளுடைய தாய் அழுதது செலவை நினைத்தல்ல, மாற்றுடுப்பே இல்லை. மிதிப்பலகை இல்லாத மெசினை வாங்கில் வைத்து, சில்லை நான் கையால் சுழற்ற, அம்மா துணியைத் தள்ளித் தள்ளித் தைத்தார். ஊதா நிறச் சீலை. இரண்டு நாளில் பாவாடையும் சட்டையும் முடிந்தன. மூன்றாம் நாள் அந்தப் பிள்ளைக்கு ஆலாத்தி எடுத்தார்கள். 1996இல் வீடு திரும்பியபோது றங்குப்பெட்டி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அதனால் எங்கள் மூவரின் 31ஆம் நாள் சட்டைகளில் ஒன்றும் இன்று இல்லை.

மிஞ்சியவை தூர தேசங்களில் இருக்கின்றன. பிரயாணம் போவோரின் பெட்டியில் அரைக் கிலோ இடம் கேட்டு, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு அனுப்பிய சட்டைகள் அவை. நான் வேலை செய்யும் மெல்பேணில், குறைமாதப் பிள்ளைகளுக்கென வயதான பெண்கள் கம்பளித் தொப்பி பின்னிக் கொண்டுவந்து தருவார்கள். சிசுவின் உடற்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலை என்பதால் சூடு அங்கேதான் அதிகம் போகும். அந்தத் தொப்பி அலங்காரமல்ல, சிகிச்சை. அவற்றைத் தருவோர் பெயர் எழுதிப் போவதில்லை.

ஃபுளோரன்ஸ் அம்மையார் இங்கே நெடுங்காலம் இருக்கவில்லை. மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்தபின், மார்பிலிருந்த 30 தையல்கள் பன்னம் இலைக் கோலம் போட்டது போல இருப்பதாகப் படமும் வரைந்து யேட்ஸுக்குக் கடிதம் எழுதினார். பூத்தையல் பழகிய கண்ணுக்குத்தான் அது அப்படித் தெரிந்திருக்கும். 1917 ஏப்ரலில் கொழும்பில் காலமானார்.

கல்லூரி விழாவுக்கு வருகிற அக்காமாரிடமும் தங்கைமாரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் அலுமாரியில் அப்படி ஒரு சட்டையோ உறையோ மேசை விரிப்போ கிடந்தால் கொண்டு வாருங்கள். கறை இருந்தால் இருக்கட்டும், தோய்க்க வேண்டாம். யார் தைத்தது, அவர் இங்கே எந்த ஆண்டு படித்தார், யாருக்காக, எந்தச் சடங்குக்கு என்று ஒரு துண்டில் எழுதி, குண்டூசி குத்தாமல் நூலால் கட்டிவிடுங்கள். குண்டூசி துருப்பிடிக்கும்.