காலா, சில்லா? நம் மலைநாட்டின் பழைய கேள்வி



நம் பகுதிப் பிள்ளைகள் சிலர் பாடசாலை விட்ட பிறகு கூடி, காலும் சில்லும் சேர்ந்த ரோபோ ஒன்றைச் செய்து பார்க்கிறார்கள். சமதரையில் உருண்டு போக வேண்டும், படிக்கட்டு வந்தால் கால் வைத்து ஏற வேண்டும் என்பது அவர்கள் திட்டம். "இந்த விளையாட்டு பரீட்சைக்கு உதவுமா?" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் மேசையில் இருப்பது நம் முன்னோர் பல தலைமுறையாகப் பிழைப்பு நடத்திய விஷயம். அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

கண்டி இராச்சிய காலத்தில் இந்த மலைகளில் சில்லு ஓடவில்லை. 1660 முதல் 1679 வரை இங்கே கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், பாதைகள் ஒருவர் பின் ஒருவராக மட்டுமே போகக்கூடிய அளவு ஒடுக்கமாக இருந்ததை எழுதியிருக்கிறார். கணவாய்களில் முட்கதவுகள் இருந்தன. மன்னர்கள் பாதையை அகலமாக்க விரும்பவில்லை. பீரங்கி வண்டி வர முடியாத வழியே அவர்களுக்குக் கோட்டை.

ஆனால் உப்பும் கருவாடும் மேலே வரத்தானே வேண்டும்? பாக்கும் மிளகும் கரைக்குப் போகத்தானே வேண்டும்? அந்த வேலையைச் செய்தது தவளம். முதுகின் இருபுறமும் பொதி ஏற்றிய மாடுகள் வரிசையாக மலை ஏறின. இதற்கென்று அரசில் "மடிகே பத்த" என்ற தனிப் பிரிவே இருந்தது. அதில் முக்கிய இடம் வகித்தவர்கள் முஸ்லிம்கள். கலகெதரப் பக்கம் "மடிகே" என்ற ஊர்ப்பெயர் இன்றும் அதை நினைவூட்டுகிறது. நம்மைக் கடைக்காரச் சமூகம் என்று மட்டும் சொல்பவர்கள், நாமே அப்படி நினைப்பவர்களும், இதை அறிய வேண்டும். எந்த மாடு எவ்வளவு தாங்கும், பொதியை எப்படிச் சமப்படுத்துவது, எந்தச் சரிவில் கால் வழுக்கும் என்பதெல்லாம் அவர்களின் தொழில்நுட்ப அறிவு.

1815இல் இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு - கண்டி வீதியைப் போட்டார். வேலையை நடத்திய கப்டன் டோசன் 1829இல் இறந்தார். கடுகண்ணாவையில் நாம் பஸ்ஸிலிருந்து பார்க்கும் கோபுரம் 1832இல் அவர் நினைவாக எழுந்தது. வீதி வந்ததும் மாட்டு வண்டி வந்தது. தோட்டக் கோப்பி வண்டிகளில் இறங்கியது. 1867இல் ரயில் கண்டிக்கு வந்தபோது அந்த வண்டிகளின் வேலையும் குறைந்தது. தவளம் மெல்ல மறைந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாட்டின் காலைவிடச் சில்லு கெட்டித்தனமானது என்பதால் அது வெல்லவில்லை. மலையை வெட்டி, பாலம் கட்டி, சில்லுக்கு ஏற்றபடி நிலத்தை மாற்றிய பிறகே வென்றது. நிலத்தை மாற்ற முடியாத இடத்தில் இன்றும் கால்தான் வேண்டும். ரோபோ செய்பவர்களின் சிக்கலும் இதுவே. சில்லுக்குச் செலவு குறைவு, ஆனால் வழி வேண்டும். கால் எங்கும் போகும், ஆனால் சும்மா நிற்பதற்கே மோட்டார் பற்றரியைத் தின்னும்.

இரண்டையும் இணைக்கும் முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1206இல் தன் நூலை முடித்த அல் ஜஸரி, சுற்றும் அசைவை முன்பின் அசைவாக மாற்றி நீர் இறைக்கும் பொறிகளை விவரித்தார். சுற்றுவதை நடையாக மாற்றும் பொறிக்கும் அடிப்படை அதே வகை மாற்றம்தான். 1878 பாரிஸ் கண்காட்சியில் ரஷ்யக் கணித அறிஞர் செபிஷேவின் நடக்கும் பொறி வைக்கப்பட்டது. நம் காலத்தில் ஆறு வளைந்த கால்களைச் சில்லுப் போலச் சுழற்றி ஓடும் ஆர்ஹெக்ஸ் வந்தது. 2017இல் பொஸ்டன் டைனமிக்ஸ், கால் நுனியில் சில்லு பூட்டிய ஹேண்டில் ரோபோவைக் காட்டியது. சூரிச் பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர்கள் செய்த அசென்டோ, இரண்டு சில்லுக் கால்களில் நின்று துள்ளும்.

தொலைவில் தேடவும் தேவையில்லை. இலங்கையரான ரே விஜேவர்தன 1950களில் உருவாக்கிய லேண்ட்மாஸ்டரைச் சேற்று வயலில் இறக்கும்போது, றப்பர் சில்லைக் கழற்றி இரும்புச் சில்லு போடுவார்கள். அதன் பட்டைகள் ஒவ்வொன்றாகச் சேற்றை மிதித்துப் போகும். அது பாதி சில்லு, பாதி கால்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. வட்டமான சில்லு தன் ஆரையைவிட உயர்ந்த படியில் ஏறாது. 15 சென்டிமீட்டர் படிக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் ஆரை வேண்டும். வளையத்தை நீக்கி, மூன்று ஆரக்கால்களை மட்டும் விட்டால் நிலைமை மாறும். இரண்டு ஆரக்கால் தரையில் ஊன்றும்போது அச்சு ஆரையின் பாதி உயரத்தில் இருக்கும். மூன்றாவது ஆரக்கால் அங்கிருந்து மேலே நீளும். ஆகவே நுனி ஆரையின் ஒன்றரை மடங்கை எட்டும். 10 சென்டிமீட்டர் ஆரை 15 சென்டிமீட்டர் படியைத் தொடும். ஆனால் சமதரையில் வண்டி தூக்கித் தூக்கிப் போடும். ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பதைத் தவளக்காரரும் அறிந்திருந்தார்கள்.

இதில் பரீட்சைக்குரிய கேத்திர கணிதமும் இருக்கிறது, பௌதிகமும் இருக்கிறது. ஓர் ஆர்டுயினோ பலகை, சில சேர்வோ மோட்டார், பீவீசீ குழாய்த் துண்டுகள் போதும் தொடங்க. பேராதனைப் பொறியியல் பீடம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த வாசல் நம் பிள்ளைகளுக்கு அந்நியமாகத் தோன்றக்கூடாது. படித்து வெளியேறிய நம் பொறியியலாளர்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பெரிய உதவி. வீட்டில் உடைந்த விளையாட்டுக் கார், பழைய பிரிண்டர் இருந்தால் எறியாதீர்கள். அவற்றின் மோட்டார்கள் நமக்குத் தேவை.

பெற்றோரிடம் ஒரே வேண்டுகோள். பிள்ளை மேசையில் கம்பியும் சில்லும் பரப்பினால் உடனே அள்ளி ஒதுக்கிவிடாதீர்கள். எந்தப் படியில் அது ஏறவில்லை என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளின் அறிவில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.