கோழி மூளைக்குப் பேர் மாறிய கதை

“கோழிக்கு என்னங்க தெரியும்?” நாமக்கல் பண்ணைப் பக்கம் சர்வசாதாரணமாகக் கேட்கிற பேச்சு. இதையே உடற்கூறியலும் நூறு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தது. ஜெர்மானிய அறிஞர் லுட்விக் எடிங்கர் பல விலங்குகளின் மூளைகளை ஒப்பிட்டார். பாலூட்டிகளுக்குள்ள அடுக்கடுக்கான புறணி பறவைக்கு இல்லை. ஆகவே அதன் முன்மூளையில் பெரும்பகுதி ‘ஸ்ட்ரையேட்டம்’, அதாவது பிறவிக்குணத்தின் இருப்பிடம் என்றார்.

1960களிலேயே ஹார்வி கார்ட்டன், புறாவின் நரம்புப் பாதைகளைப் பின்தொடர்ந்து, இது நம்ம புறணியோடு ஒப்பிட வேண்டிய பகுதி என்று காட்டிவிட்டார். யார் கேட்டாங்க? 1985இல் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியபோதும் உலகம் முழுக்கப் பழைய பெயர்கள்தான்.

2004இல்தான் ஆய்வாளர்கள் கூடிப் பெயர்களைத் திருத்தி வெளியிட்டார்கள். ‘நியோஸ்ட்ரையேட்டம்’ என்பது ‘நிடோபாலியம்’ ஆனது. ‘நிடஸ்’ என்றால் லத்தீனில் பறவைக்கூடு.