கைபர் கணவாயும் இரண்டு கைபர்களும்

‘கைபர் கணவாய் வழியே வந்தவர்கள்’ என்ற தொடர் நம் பள்ளிப் பாடங்களிலும் அரசியல் மேடைகளிலும் பழகித் தேய்ந்துவிட்டது. வந்தவர் அனைவரும் அவ்வழியேதான் வந்தனர் என்று எண்ணுவது பிழையாகும். அலெக்ஸாந்தர் தம் தளபதிகளின் பொறுப்பில் ஒரு படையைக் காபூல் ஆற்று வழியில் அனுப்பிவிட்டு, தாம் வடக்கே ஸ்வாத் மலைநாட்டைச் சுற்றியே வந்தார். 1738-இல் நாதிர் ஷாவும், கணவாயில் காவல் இருந்ததறிந்து, வேறொரு மலைத்தடத்தின் வழியே வந்து முகலாயப் படையைத் திகைக்க வைத்தார்.

கணவாயில் எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழமையானவற்றில் ஒன்று ஷ்போலா ஸ்தூபி. குஷானர் காலத்துப் பௌத்தச் சின்னமான இது, அடுக்கு மேடைமேல் அரைக்கோள வடிவில் சாலையை நோக்கி நிற்கிறது. இங்குக் கிடைத்த சிற்பங்கள் பெஷாவர் அருங்காட்சியகம் சேர்ந்தன. ஸ்தூபியின் கற்களோ பெயர்ந்து உதிர்ந்து வருகின்றன. படையெடுப்புகளையே எழுதிவந்த நாம், இவ்வழியே நடந்த துறவியரையும் வணிகரையும் மறந்தது நம் வரலாற்றெழுத்தின் பெருங்குறை.

கணவாயின் மிகக் குறுகிய இடம் அலீ மஸ்ஜித். ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்கள் இங்கு வந்தார்கள் என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை. கூஃபாவைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட அவர்கள் இம்மலைகளுக்கு வந்ததாக வரலாறு கூறவில்லை. ஹிஜ்ரி 7-இல் அவர்கள் வீரம் விளங்கிய கைபர், மதீனாவுக்கு வடக்கேயுள்ள கோட்டைகள் நிறைந்த பாலைச்சோலை. பெயரொற்றுமையே இம்மரபை வளர்த்திருக்கலாம் என்பது நம் கருத்து. அன்பினால் எழுந்த மரபை இகழ வேண்டியதில்லை. அதனை வரலாறாக எழுதுவதும் தகாது.

1505-இல் இவ்வழியே இறங்கிய பாபர் அதனைத் தம் நினைவுக் குறிப்பில் பதிந்துள்ளார். அக்பர் காலத்தில் சக்கர வண்டிகள் செல்லுமாறு பாதை செப்பனிடப்பட்டது. ஆயினும் பேரரசின் ஆணை மலைமேல் ஏறியதில்லை. 1672-இல் அஃப்ரீதிகள் முகலாயப் படையொன்றை இங்கேயே அழித்தனர். 1878 நவம்பரில் ஆங்கிலேயர் அலீ மஸ்ஜிதைக் கைப்பற்றினர். 1925-இல் 34 சுரங்கங்களும் 92 பாலங்களும் கொண்ட இருப்புப் பாதை லண்டிகோத்தல் வரை திறக்கப்பட்டது. 2006-இல் வெள்ளம் அப்பாதையை அரித்தது. அதன் பாலங்களும் இன்று ஷ்போலாவைப் போலத் தொல்பொருளாகி வருகின்றன.