நோய்க்குப் பெயர் வைத்த கிழவிகள்

டிஸீஸ், இல்னெஸ், ஸிக்னெஸ் என்று ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் இருக்கின்றன. நம் ஆங்கில-தமிழ் அகராதியைப் புரட்டினால் மூன்றுக்கும் ‘நோய், வியாதி, பிணி’ என்று பாரபட்சமில்லாமல் பொருள் போட்டிருக்கும். கதை எழுதுகிறவனுக்கு இந்தத் தாராளம் போதாது. ஓர் ஆங்கிலக் கதையைத் தமிழாக்க உட்காரும்போதெல்லாம் இந்த மூவரும் என்னைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறார்கள்.

வைத்தியர் கண்டுபிடிப்பது டிஸீஸ். படுக்கையில் கிடப்பவர் அநுபவிப்பது இல்னெஸ். ஆபீஸில் லீவு கொடுப்பது ஸிக்னெஸுக்கு. இக்காலத்து வைத்திய நூலோர் வகுத்திருக்கும் எல்லை ஏறக்குறைய இதுதான். சொற்கள் பிறந்தபோது இந்த எல்லையெல்லாம் கிடையாது. டிஸீஸ் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. ‘சௌகரியமின்மை’ என்பதே அதன் பிறவிப் பொருள். நம் வீடுகளில் ‘அவருக்கு உடம்பு சௌகரியமில்லை’ என்கிறோமே, அதேதான். ‘இல்’ என்பது வடக்கேயிருந்து கப்பலில் வந்தவர்களின் சொல். ‘கெட்டது’ என்று பொருள். அதனால்தான் துரதிர்ஷ்டத்துக்கும் பொல்லாத எண்ணத்துக்கும் அது இன்றும் முன்னொட்டாக நிற்கிறது. ஸிக் ஒன்றுதான் ஆங்கில மண்ணிலேயே பிறந்தது. அந்தச் சொல்லுக்கு இங்கிலாந்தில் இன்று ‘வாந்தியெடுப்பது’ என்ற பொருளும் உண்டு என்பதை, அங்கே விருந்துக்குப் போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது!

துன்பம் வந்தால் மனிதன் முதலில் கேட்பது ‘யார் செய்தது?’ என்பதுதான் போலும். பல சொற்களுக்குள் அந்தக் கேள்விக்கு விடையும் ஒளிந்திருக்கிறது. பிளேக் என்ற சொல்லுக்கு மூலமான லத்தீன் சொல்லுக்கு ‘அடி’ என்று பொருள், அடித்தவர் ஆண்டவர். டிஸாஸ்டர் என்பதற்குள் ஒரு பொல்லாத நட்சத்திரம் இருக்கிறது. இன்புளூயன்ஸா இத்தாலியச் சொல். வான மண்டலத்தின் ‘செல்வாக்கு’ கீழே இறங்கியதால் வந்த காய்ச்சல் என்று கருத்து. 1743-ல் இத்தாலியிலிருந்து காய்ச்சல் பரவியபோது சொல்லும் கூடவே இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தது. மலேரியா என்றால் கெட்ட காற்று. 1897-ல் சிகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டுபிடித்துக் காற்றை நிரபராதி என்று விடுவித்தார். ஆனாலும் பெயர் மாறவில்லை. நாம் மட்டும் என்ன? வைசூரியை ‘அம்மை’ என்றோம். அடிப்பவள் தாய் என்றால் வலி சற்றுக் குறையும் அல்லவா?

இந்தச் சொற்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் ஏதோ பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் 1665-ம் ஆண்டு லண்டனுக்கு என்னோடு வர வேண்டும்.

அந்த நகரில் ஒருவர் இறந்தால் மாதா கோயில் மணி அடிக்கும். உடனே அந்த வட்டாரத்தின் ‘தேடுவோர்’ இருவர் வீட்டுக்கு வருவார்கள். இவர்கள் வைத்தியர்கள் அல்லர். பெரும்பாலும் ஏழைக் கிழவிகள். பிளேக் காலத்தில் கையில் மூன்றடிச் சிவப்புக் கோல் வேறு இருக்கும். பிணத்தைப் பார்த்து, எதனால் சாவு என்று கோயில் குமாஸ்தாவிடம் சொல்வார்கள். வட்டாரக் கணக்குகளையெல்லாம் சேர்த்து வியாழக்கிழமைதோறும் மரணப் பட்டியல் அச்சாகி விற்பனைக்கு வரும். 1632-ம் ஆண்டுப் பட்டியலில் ‘கிரகம்’ என்ற தலைப்பில் 13 பேர் செத்திருக்கிறார்கள். 1665-ல் துக்கத்தால் 46 பேர். பயத்தால் 23 பேர். ஒரு நாவலாசிரியன் பொறாமைப்படத்தக்க பட்டியல்!

ஆனால் ஒரு சொல்லைக் கண்டால் மட்டும் ஊர் நடுங்கியது. கிழவி ‘பிளேக்’ என்று சொல்லிவிட்டால் போதும். வீட்டுக் கதவில் ஓரடி நீளத்துக்குச் சிவப்புச் சிலுவை வரைந்து, ஆண்டவர் இரங்க வேண்டும் என்று எழுதி, இரவுக்கு ஒருவர் பகலுக்கு ஒருவராகக் காவல் போட்டு, உள்ளே இருப்பவர்களை நோயாளியோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். வாரக் கணக்கில் யாரும் வெளியே வர முடியாது. பிணி என்ற தமிழ்ச் சொல்லில் ‘கட்டுதல்’ என்ற பொருள் இருக்கிறது. லண்டனில் வீட்டையே பிணித்தார்கள்! கிழவி ‘காய்ச்சல்’ என்றாலோ, கதவு திறந்தே இருக்கும். மூத்த பிள்ளையைப் பறிகொடுத்த தாய் மற்ற மூன்று குழந்தைகளைப் பார்த்துவிட்டு மடியில் காசைத் தேடியிருப்பாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் மறைத்த நோய் அடுத்த தெருவுக்குப் போயிருக்கும் என்பதும் உண்மைதான்.

இந்தத் தந்திரத்தை முன்பே கண்டுபிடித்தவர் ஜான் க்ராண்ட் என்ற துணிமணிச் சில்லறை வியாபாரி. பழைய பட்டியல்களை உட்கார்ந்து கூட்டிக் கழித்து 1662-ல் ஒரு புத்தகம் போட்டார். மேக நோயால் இறந்ததாகப் பட்டியலில் ஏறுகிறவர்கள், ஊரார் வெறுத்தவர்களும் மூக்கு அழுகியவர்களும் மட்டுமே என்று எழுதினார். மற்றவர்கள் விஷயத்தில் கிழவிகளுக்கு ஒரு கோப்பை மதுவும், ஒரு வெள்ளிக்காசுக்குப் பதில் இரண்டும் கிடைத்தால், அதே நோய் ‘க்ஷயம்’ ஆகிவிடும். பிளேக் வருஷங்களில் மற்ற வியாதிகளின் எண்ணிக்கையும் காரணமில்லாமல் ஏறுவதையும் அவர் கவனித்தார். பட்டியலில் உள்ளதைப் போல் இன்னும் நாலில் ஒரு பங்கு பேர் பிளேக்கில் மாண்டிருக்க வேண்டும் என்று கணக்குச் சொன்னார். கடைக் கல்லாவில் கள்ளக் காசைப் பொறுக்கிப் பழகிய கண் அல்லவா!

மூன்று வருஷத்துக்குப் பின் பெருங்கொள்ளை வந்தது. 1665-ம் ஆண்டுப் பட்டியலில் மொத்தச் சாவு 97,306. அதில் பிளேக் 68,596. காய்ச்சலும் குளிர்காய்ச்சலும் 5,257. ‘பல்லும் புழுவும்’ 2,614. அந்தக் காய்ச்சல்களில் எத்தனை காய்ச்சல், எத்தனை வெள்ளிக்காசு என்று யார் சொல்ல முடியும்? பிளேக்குக்குப் பலியானவர்கள் ஒரு லட்சம் இருக்கலாம் என்று சரித்திரக்காரர்கள் மதிப்பிடுகிறார்கள்.

பிற்பாடு கிழவிகள் போய் டாக்டர்களின் சான்றிதழ் வந்தது. 2020-ல் கொரோனா வந்தபோது, இங்கிலாந்தின் சுகாதார இலாகா, நோய் இருப்பதாக ஒரு தடவை உறுதியான எவர் பிறகு எப்போது இறந்தாலும், பஸ் மோதி இறந்தாலும்கூட, கொரோனாக் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தது. அந்த ஆகஸ்டு மாதத்தில் விதியை மாற்றினார்கள். பரிசோதனைக்குப் பின் 28 நாளுக்குள் இறந்தவர்களே கணக்கில் சேர்வார்கள் என்றார்கள். ஒரே நாளில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பட்டியலிலிருந்து இறங்கினார்கள்.