படம் தெரிகிறது, ஒலி எங்கே? – கொமடோர் 64 சொல்லும் வரலாறு



பழைய இல்லக் கணினி ஒன்றைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து இயக்குகிறோம். நீலத் திரையில் எழுத்துகள் தெளிவாகத் தோன்றுகின்றன. ஒலி மட்டும் இல்லை. உடனே ஒலிச் சில்லு பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டுவோர் உண்டு. அம்முடிவு அவசரமானது என்பதைக் கணினியின் வரலாறே நமக்குக் கற்பிக்கிறது. கொமடோர் 64 என்னும் கணினியைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

இக்கணினி 1982 சனவரியில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் அறிமுகமாகி, அவ்வாண்டிலேயே 595 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. 1994இல் நிறுவனம் நொடித்துப்போகும் வரை ஒரு கோடிக்கும் மேற்பட்ட கணினிகள் விற்பனையாயின. இதன் தனிச்சிறப்பு 'சிட்' எனப்படும் ஒலிச் சில்லு. பாப் யானஸ் என்ற இளம் பொறியாளர் 1981இல் இதனை வடிவமைக்கத் தொடங்கினார். அக்காலக் கணினிகள் பலவும் 'பீப்' என்ற ஓசையோடு நின்றுவிட்ட வேளையில், சிட் ஒரே நேரத்தில் மூன்று குரல்களில் இசைத்தது. பின்னர் அவர் மின்னிசைக் கருவிகளைத் தயாரித்த என்சோனிக் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரானார்.

இத்தகைய கணினி ஏன் ஊமையாகிறது?

முதற்காரணம், அதன் இயல்பே மௌனம். இயக்கியவுடன் அது எந்த ஓசையும் எழுப்பாது. உடன் வந்த பேசிக் மொழியில் ஒலிக்கென்று தனிக் கட்டளையும் இல்லை. 54296 என்னும் நினைவக முகவரியில் 'போக்' கட்டளையால் 15 என்ற எண்ணையும், அடுத்து 0 என்ற எண்ணையும் இட்டுப் பார்க்கலாம். 6581 எண் கொண்ட பழைய சில்லாக இருப்பின் 'டக்' என்ற ஓசை கேட்கும். கேட்டால் சில்லுக்கு உயிர் இருக்கிறது.

இரண்டாவது காரணம் நம் நாடுகளோடு தொடர்புடையது. கொமடோர் 64க்குச் சொந்த ஒலிபெருக்கி இல்லை. ஒலியும் படத்தோடு சேர்ந்தே ஆண்டெனா கம்பி வழியாகத் தொலைக்காட்சிக்குச் செல்லும். பிரிட்டனின் பழைய அலைவரிசை ஒளிபரப்பில் படத்தின் அலைக்கும் ஒலியின் அலைக்கும் இடைவெளி 6 மெகாஹெர்ட்ஸாக இருந்தது. 2019இல் பழைய அலைவரிசை ஒளிபரப்பு நிறுத்தப்படும் வரை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது 5.5 மெகாஹெர்ட்ஸ். ஆகவே பிரிட்டனில் வாங்கிய கணினியை இங்குள்ள தொலைக்காட்சியில் பொருத்தினால், படம் வரும்; ஒலி வராது. இரண்டிலும் பழுது இல்லை. பல்முறைத் தொலைக்காட்சியாக இருந்தால், ஒலி முறையை 'ஐ' என மாற்றினால் போதும். இல்லையேல், கணினியின் பின்புற வட்டச் செருகியில் உள்ள மூன்றாம் முனையிலிருந்து ஒலியை நேராக எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது காரணம் மின்சாரம். சில்லுக்குத் தேவையான மின்னழுத்தம், அடாப்டர் தரும் 9 வோல்ட் மாறுதிசை மின்சாரத்திலிருந்து பெறப்படுகிறது. பிந்திய சிறிய மின்பலகை கொண்ட கணினிகளில் அதற்குரிய ஃபியூஸ் எரிந்துபோனால், படம் தொடர்ந்து வரும். ஒலி மட்டும் மறையும். மேலும், பழைய அடாப்டர்கள் நாளடைவில் 5 வோல்ட்டுக்கு மேல் செலுத்திச் சில்லுகளையே எரித்துவிடக்கூடும். ஆதலால் நெடுநாள் கிடந்த கணினியை இயக்குமுன் அடாப்டரை அளவியால் சோதிப்பது கட்டாயம்.

இவையனைத்தையும் பார்த்த பின்னரே சில்லை ஐயுற வேண்டும். மாற்ற நேர்ந்தால் கவனம் தேவை. 6581 சில்லு 12 வோல்ட்டில் இயங்குவது. பின்வந்த 8580 சில்லு 9 வோல்ட்டுக்குரியது. ஒன்றனிடத்தில் மற்றொன்றை அப்படியே பொருத்தலாகாது.

இச்சில்லுகளின் உற்பத்தி நின்று நெடுங்காலமாகிவிட்டது. ஆராயாமல் பிடுங்கி எறியப்படும் ஒவ்வொன்றும் மீளாத இழப்பே. பள்ளியில் அறிவியல் மூலை அமைக்கும் ஆசிரியர்களும், வீட்டுப் பரணில் பழங்கணினி வைத்திருக்கும் பெற்றோரும் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, வெளியிலிருந்து உள்நோக்கி ஒவ்வொன்றாகச் சோதித்துக் காட்டுங்கள். கணினி மீண்டும் இசைக்காவிட்டாலும், காரணம் தேடும் முறையைப் பிள்ளைகள் கற்றிருப்பார்கள்.