பெற்றவர் பெயரும் வளர்த்தவர் கரமும்

தந்தை எங்கிருக்கிறார் என்றே தெரியவில்லை. தாய் மறுமணம் செய்துகொண்டாள். வந்தவர் நல்லவர், குழந்தையைத் தம் பிள்ளையாகவே வளர்க்கிறார். அக்குழந்தை யார் பெயரால் அழைக்கப்பட வேண்டும்? அதன் உரிமைகள் யாவை? இக்கேள்விக்கு இஸ்லாமிய வரலாற்றில் தெளிவான விடைகள் உள்ளன.

அரபு மக்களிடம் சுவீகாரம் பழைய வழக்கம். சிறுவயதில் கவர்ந்து செல்லப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட ஸைத் (ரலி) அவர்களை அண்ணலார் (ஸல்) மகனாக ஏற்றதால், மக்கள் அவரை ‘ஸைத் இப்னு முஹம்மத்’ என்றே அழைத்தனர். பிறகு அல் அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5-ஆம் வசனம் அருளப்பட்டது. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்தம் தந்தையர் பெயராலேயே அழைக்குமாறு அது பணித்தது. அவர் மீண்டும் ‘ஸைத் இப்னு ஹாரிஸா’ ஆனார்.

தந்தை இன்னாரென்று தெரியாதவரின் நிலை என்ன? அவ்வசனமே அதற்கும் வழி கூறுகிறது: அத்தகையோர் மார்க்கச் சகோதரர்கள், ‘மவ்லா’ எனும் உறவினர். பாரசீக வழிவந்த ஸாலிம் (ரலி) இதற்குச் சான்று. அன்ஸாரிப் பெண்மணி ஒருவர் அவரை விடுதலை செய்தார். அப்பெண்மணியின் கணவர் அபூஹுதைஃபா (ரலி) அவரை மகனாக ஏற்றார். வசனம் இறங்கியபின் ஸாலிம் ‘மவ்லா அபீஹுதைஃபா’ எனப்பட்டார். பெயர் மாறியதே தவிர அன்பு மாறவில்லை. அபூஹுதைஃபா தம் சகோதரரின் மகளையே அவருக்கு மணமுடித்திருந்தார். குர்ஆனைக் கற்றுக்கொள்ள அண்ணலார் (ஸல்) சுட்டிய நால்வருள் ஸாலிமும் ஒருவர். யமாமாப் போரில் வளர்த்தவரும் வளர்ந்தவரும் ஒரே களத்தில் ஷஹீதாயினர்.

மாற்றாந்தந்தைக்கு முன்மாதிரி அபூதல்ஹா (ரலி). உம்மு ஸுலைம் (ரலி) இஸ்லாத்தை ஏற்றதும் அவருடைய கணவர் மாலிக் சினந்து ஷாம் நாட்டுக்குச் சென்று அங்கேயே மாண்டார். பின்னர் அபூதல்ஹா இஸ்லாத்தை ஏற்றதையே மஹராகப் பெற்று அவ்வம்மையார் அவரை மணந்தார். சிறுவர் அனஸைக் கைப்பிடித்து அண்ணலாரிடம் (ஸல்) அழைத்துச் சென்று, “இவன் அறிவுள்ள சிறுவன், தங்களுக்குப் பணிவிடை செய்யட்டும்” என்னும் கருத்தில் வேண்டியவர் இந்த மாற்றாந்தந்தையே. எனினும் உலகம் அச்சிறுவரை இன்றளவும் ‘அனஸ் இப்னு மாலிக்’ என்றே அறிகிறது. விட்டுச் சென்ற தந்தையின் பெயரும் அழிக்கப்படவில்லை. வளர்த்தவரின் கடமையும் குறையவில்லை.

கணவன் காணாமற்போனால் தாயின் நிலை என்ன? காணாமற்போனவரை நமது சட்ட நூல்கள் ‘மஃப்கூத்’ என்கின்றன. உமர் (ரலி) நான்காண்டுத் தவணை விதித்தார். மாலிக்கி மத்ஹப் அதைப் பின்பற்றியது. ஹனஃபி மத்ஹபோ அவர் வயதொத்தோர் மறையும்வரை காத்திருக்கச் சொன்னது. இதனால் வாழ்விழந்த பெண்கள் பலர். 1930-களில் மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ அவர்கள் ‘அல் ஹீலத்துந் நாஜிஸா’ எனும் நூலில் மாலிக்கித் தீர்வை ஏற்கலாமென வழிகாட்டினார். 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம், நான்காண்டு காலம் கணவன் இருப்பிடம் தெரியாவிடில் மனைவி நீதிமன்றத்தில் விடுதலை கோரலாம் என்றது. அத்தீர்ப்பு ஆறு மாதங்கள் நிறுத்திவைக்கப்படும்; அதற்குள் கணவன் திரும்பி வந்து இல்லறக் கடமையை நிறைவேற்ற ஆயத்தமென நீதிமன்றத்துக்கு மெய்ப்பித்தால் தீர்ப்பு நீக்கப்படும்.

தாய் விடுதலை பெற்றாலும் பிள்ளையின் வம்சம் அறுவதில்லை. காணாமற்போன தந்தையின் சொத்தில் அதன் பங்கு நிலைத்திருக்கும். மாற்றாந்தந்தையின் சொத்தில் மார்க்கப்படி வாரிசுரிமை இல்லை. ஆனால் அவர் வாழ்நாளில் ஹிபாவாக வழங்கலாம், மூன்றிலொரு பங்குக்கு உட்பட்டு வஸிய்யத்தும் எழுதலாம். பாதுகாவலர் பொறுப்பு வேண்டுமாயின் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றத்தை நாடலாம். 2014-இல் உச்ச நீதிமன்றம், சிறார் நீதிச் சட்டப்படியான தத்து எம்மதத்தவருக்கும் திறந்துள்ளது. அது விருப்பத்திற்குரியதே, கட்டாயமன்று எனத் தீர்ப்பளித்தது. அவ்வழியை நாடுவோர் ஆலிம்களையும் கலந்து முடிவெடுத்தல் நலம்.

எனவே, மாற்றாந்தந்தையர் பள்ளிப் பதிவேட்டில் தம் பெயரைத் தந்தையாக எழுதும் அவசரத்தைத் தவிர்க்கட்டும். பெற்றவர் பெயரைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். ஹிபாவையும் வஸிய்யத்தையும் உயிருள்ளபோதே எழுதி வையுங்கள். அபூதல்ஹா (ரலி) நமக்குக் காட்டியது, பெயரைத் தராமலே பாசத்தைத் தரும் வழி.